அறிந்தவளுக்கு ஆசனம்

(பௌர்ணமி அறவுரை)





நம் தமிழ்ப் பௌத்த சபைகளுள் எந்த ஊர்ச் சபைக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். பௌர்ணமி நாளில் விகாரையைப் பெருக்கி மெழுகுவோர் பெண்கள். மலர் தொடுத்து விளக்கேற்றுவோர் பெண்கள். வந்தவர்க்கு அன்னம் படைப்போர் பெண்கள். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லும் வேளையில் ஓங்கி ஒலிப்பதும் அவர்கள் குரலே. ஆனால் அறவுரை முடிந்து சபையின் காரியங்களைப் பேசும் நேரம் வந்ததும், நாற்காலிகளில் அமர்வோர் ஆண்களாகவும், பாத்திரம் துலக்கச் செல்வோர் பெண்களாகவும் பிரிந்துவிடுகிறோம். தலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று சுவரில் எழுதியிருக்கும் பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு பெண்ணின் பெயரைக் காண்பது பல சபைகளில் அரிது.

இது ததாகதரின் தம்மத்துக்கு ஏற்றதுதானா? சாதியின் பெயரால் நமக்கு ஆசனம் மறுத்தவர்களை விட்டு வெளியேறி வந்த நாம், பெண் என்னும் பெயரால் நம் வீட்டாருக்கே ஆசனம் மறுப்பது நியாயமாகுமா? இந்தக் கேள்வியை இன்றைய சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

கோசம்பி அரண்மனையில்

கோசம்பியில் உதேனன் ஆண்ட காலத்தில், அவன் அரசி சாமாவதியின் பணியில் குஜ்ஜுத்தரா என்னும் அடிமைப்பெண் இருந்தாள். கூன் விழுந்த உடலினள். நாள்தோறும் அரசிக்கு மலர் வாங்கிவருவது அவள் வேலை. அதற்காக எட்டுக் காசு தரப்படும். நான்கு காசுக்கு மலர் வாங்கிக்கொண்டு, மீதி நான்கைத் தனக்கென வைத்துக்கொள்வாள். யாரும் அறியாமல் இது நெடுநாள் நடந்துவந்தது என்று தம்மபத அட்டகதை கூறுகிறது.

ஒரு நாள் மலர் விற்கும் சுமனன் தன் இல்லத்தில் பகவன் புத்தருக்கு உணவு படைத்தான். மலர் வாங்க வந்த குஜ்ஜுத்தராவும் அங்கே நின்று அறவுரை கேட்டாள். கேட்ட அப்பொழுதே சோதாபத்தி என்னும் முதற் பேற்றினை அடைந்தாள். அன்று எட்டுக் காசுக்கும் மலர் வாங்கிச் சென்றாள். கூடை நிறைந்திருப்பதைக் கண்ட அரசி, “இன்று அரசர் இருமடங்கு பணம் தந்தாரோ?” என்று வியந்து வினவினாள். குஜ்ஜுத்தரா எதையும் மறைக்கவில்லை. இதுநாள்வரை எடுத்துக்கொண்டதையும், இனி எடுக்காததற்குக் காரணத்தையும் உள்ளபடி சொன்னாள்.

அன்பர்களே, இந்த இடத்தில் சிறிது நின்று சிந்தியுங்கள். ஓர் அடிமை, திருட்டை ஒப்புக்கொண்டு அரசியின் முன் நிற்கிறாள். உலக வழக்கம் அவளுக்கு என்ன தரும்? கசையடி தரும், அல்லது துரத்திவிடும். சாமாவதியோ அவள் எடுத்த காசைக் கணக்கிடவில்லை. அவள் கேட்டுவந்த தம்மத்தை நாடினாள். “நீ பருகிய அமுதத்தை எங்களுக்கும் தா” என்று வேண்டினாள்.

அதற்குக் குஜ்ஜுத்தரா சொன்ன விடைதான் வியப்பு. பணிப்பெண்ணாக நின்றுகொண்டே அவள் தம்மம் சொல்ல உடன்படவில்லை. நீராட்டும் நல்லாடையும் உயர்ந்த ஆசனமும் வேண்டும் என்றாள். பதினாறு குடம் நறுநீரால் அவளை நீராட்டினார்கள். புதிய ஆடை தந்தார்கள். உயர்ந்த ஆசனம் இட்டு அவளை அதில் அமர்த்தி, அரசியும் அவளைச் சூழ்ந்த ஐந்நூறு மகளிரும் கீழே அமர்ந்து கேட்டார்கள். அன்றுமுதல் அவள் அவர்களுக்குத் தாயும் ஆசிரியையும் ஆனாள். அரண்மனையை விட்டு வெளியே செல்ல இயலாத அம்மகளிருக்காக நாள்தோறும் பகவனிடம் சென்று கேட்டுவந்து, கேட்டதைக் கேட்டவாறே எடுத்துரைத்தாள். திரிபிடகத்துள் ‘இதிவுத்தகம்’ என்னும் நூலின் 112 சூத்திரங்களும் அவள் நினைவில் நின்று நமக்கு வந்தவை என்பது மரபு. உபாசகிகளுள் கேள்விச் செல்வத்தில் தலையானவள் இவளே என்று பகவனே அவளைச் சிறப்பித்தார்.

இதில் நமக்குள்ள பாடம் மூன்று. முதலாவது, தலைமை என்பது பிறப்பினாலோ தோற்றத்தினாலோ வருவதன்று; அறிந்ததை அறியாதவர்க்குக் கொண்டுசேர்க்கும் ஆற்றலால் வருவது. இரண்டாவது, அறிந்தவள் தனக்குரிய ஆசனத்தைக் கேட்பது ஆணவமன்று; அவள் சொல்லும் பொருளுக்குரிய மரியாதையையே அவள் கேட்கிறாள். மூன்றாவது, ஆசனம் தானாக வந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் எழுந்து அதை இட வேண்டும். அரசி கீழே அமர உடன்பட்டதனால்தான் அடிமை மேலே அமர முடிந்தது.

ஆனந்தர் செய்த உதவி

ஆசனம் இடுவோர் பெண்களுக்குள்ளே மட்டும் இருந்தால் போதாது. ஆண்களுக்கு இதில் உள்ள கடமையை ஆனந்தரின் சரிதம் காட்டுகிறது.

மகாபிரஜாபதி கௌதமி, தாயை இழந்த சித்தார்த்தரைப் பாலூட்டி வளர்த்த அன்னை. கபிலவஸ்துவில் அவர் பகவனை அணுகி, பெண்களும் துறவு பூண்டு சங்கத்தில் சேர அனுமதி வேண்டினார். மும்முறை வேண்டியும் அனுமதி கிட்டவில்லை. அதன்பின் அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. தலைமயிரைக் களைந்து, துவராடை உடுத்து, சாக்கிய மகளிர் பலருடன் கால்நடையாக வைசாலிக்கு நடந்தார். வீங்கிய பாதங்களோடும் புழுதி படிந்த உடலோடும் கண்ணீரோடும் விகாரையின் வாயிலில் நின்றார்.

அவ்வழியே வந்த ஆனந்தர் காரணம் கேட்டறிந்தார். “பகவனே மறுத்துவிட்டார், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?” என்று அவர் கடந்து போயிருக்கலாம். அவர் உள்ளே சென்று பெண்களுக்காகப் பேசினார். மும்முறை வேண்டினார், மும்முறையும் மறுக்கப்பட்டார். பிறகு கேள்வியை மாற்றினார். துறவு பூண்ட பெண்கள் சோதாபத்தி முதல் அருகத்துவம் வரையிலான நான்கு பேறுகளையும் அடைய வல்லவர்களா என்று வினவினார். வல்லவர்களே என்று பகவன் விடையளித்தார். அங்ஙனமாயின் அவர்களுக்கு வழியை அடைப்பது எவ்வாறு என்ற நியாயம் அவ்விடையிலேயே பிறந்தது. பிக்குணி சங்கம் தோன்றிற்று.

சகோதரர்களே, ஆனந்தரின் அறிவு கேள்வியை மாற்றியதில் இருக்கிறது. ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும்வரை விவாதம் முடிவதில்லை. ‘வல்லமை உண்டா?’ என்று கேட்டவுடன் அது முடிந்துவிடுகிறது. வல்லமை உண்டென்று ஒப்புக்கொண்டபின் வழியை அடைப்பவனிடமே குற்றம் நிற்கிறது.

இதனால் ஆனந்தருக்குப் புகழ் மட்டும் வந்ததா என்றால் இல்லை. பகவனின் பரிநிர்வாணத்துக்குப் பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கீதியில், மூத்த பிக்குகள் அவர்மேல் சாட்டிய குறைகளுள் பெண்களுக்குச் சங்கத்தில் இடம் பெற்றுத் தந்ததும் ஒன்று என வினயபிடகம் கூறுகிறது. பெரியோர்பால் கொண்ட மதிப்பினால் அக்குறையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன ஆனந்தர், தாம் செய்ததில் தவறு எதையும் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். பெண்களுக்குத் துணைநிற்கும் ஆண், தன் தோழர்களின் பழிச்சொல்லுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கவில்லையா?

இங்கே ஒரு வினா எழும். “பிக்குணிகளுக்கு எட்டுக் கடுவிதிகள் விதிக்கப்பட்டனவே, நூறாண்டு மூத்த பிக்குணியும் அன்று உபசம்பதை பெற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்று இருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். அவ்விதிகள் பகவன் வாக்கா, பிற்காலத்தோர் சேர்த்தவையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். பாபாசாகிப் அம்பேத்கர் 1951-ம் ஆண்டில் ‘மகாபோதி’ இதழில் இந்துப் பெண்ணின் உயர்வும் வீழ்ச்சியும் குறித்து எழுதிய கட்டுரையில், பெண்களைத் தாழ்த்தும் சொற்களைப் பகவன் மேல் ஏற்றுவதை மறுத்து வாதாடியிருக்கிறார். எவ்வாறாயினும் ஒன்று உறுதி: அவ்விதிகளைச் சொல்லும் அதே பகுதிதான் பெண்ணின் வல்லமையையும் ஐயமின்றிச் சொல்லுகிறது. விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வல்லமையை விட்டுவிடுவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

வணங்கிய கணவன்

இராசகிருகத்தில் விசாகன் என்னும் உபாசகன் இருந்தான். அவன் மனைவி தம்மதின்னா துறவு பூண்டு பிக்குணியாகி மெய்ஞ்ஞானம் பெற்றாள். ஒரு நாள் விசாகன் அவளிடம் சென்று தம்மத்தின் நுண்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வினவினான். ‘தான்’ என்று கொள்ளப்படுவது யாது, எண்வகை மார்க்கம் எத்தகையது, நுகர்ச்சிகள் எத்தனை என்றெல்லாம் அவன் கேட்க, அவள் தயக்கமின்றி விளக்கினாள். உரையாடல் முடிந்ததும் விசாகன் அவளை வணங்கி, வலம்வந்து, பகவனிடம் சென்று நடந்ததைக் கூறினான். தம்மதின்னா பேரறிவினள் என்றும், தம்மைக் கேட்டிருந்தாலும் அவள் சொன்னவாறே விடை சொல்லியிருப்போம் என்றும் பகவன் மொழிந்தார். இது மஜ்ஜிம நிகாயத்தில் ‘சூளவேதல்ல சூத்திரம்’ என்னும் பெயரால் விளங்குகிறது.

ஒரு காலத்தில் தன் வீட்டில் தனக்கு உணவு படைத்தவளை ஆசிரியையாக ஏற்று வணங்க அவனால் இயன்றது. நம் வீடுகளில், மனைவி தன்னைவிட உயர்ந்த உத்தியோகத்துக்குப் போனால் முகம் சுருங்கும் கணவர்கள் இல்லையா? விசாகனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இல்லறத்தாருக்குப் பகவன் அருளிய சிகாலோவாத சூத்திரம், மனைவிக்குக் கணவன் ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்தென்று கூறுகிறது: மதித்தல், இகழாமை, பிறன்மனை நாடாமை, அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல். நாம் ஐந்தாவதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். கடன் பட்டாவது நகை வாங்கித் தருகிறோம். நான்காவதைத்தான் மறந்துவிட்டோம். அதிகாரத்தை ஒப்படைத்தல் என்பது அன்றைய நிலையில் இல்லத்தின் ஆட்சியைக் குறித்ததே. ஆனால் இல்லத்தில் ஆளக் கற்றவளுக்குச் சபையிலும் தொழிலிலும் ஊராட்சியிலும் ஆளத் தெரியாது என்று சொல்லுவதற்கு அச்சூத்திரத்தில் இடமில்லை.

“பெண்ணின் அறிவு இரண்டு விரல் அளவே” என்னும் பழமொழியை மாரன் சோமா தேரியிடம் சொல்லி அவரை மயக்கப் பார்த்தான். உள்ளம் ஒருமுகப்பட்டு ஞானம் நடைபெறும்போது பெண்மை அதற்கு என்ன தடை செய்யும் என்று கேட்டு அவனை ஓட்டினார் தேரி. பெண்ணுக்கு அறிவில்லை என்று பேசுவோர் எவராயினும் அவர் பேசுவது மாரனின் பேச்சு என்பதை இதனால் அறியலாம்.

வேற்றுரு வேண்டாத சபை

இனி நம் தமிழுக்கு வருவோம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியம், மாதவி மகள் மணிமேகலையைத் தலைவியாகக் கொண்டது. அவள் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள். அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். அதாவது, உணவு வழங்கியதோடு நின்றுவிடாமல், அரசின் ஒரு நிலையத்தையே மாற்றியமைத்தாள். இதற்குத் தலைமை என்றல்லாமல் வேறு பெயர் உண்டோ?

அக்காப்பியத்தில் நாம் அடிக்கடி கவனியாமல் விடும் ஒரு செய்தி உண்டு. இளம் பெண்ணாகிய அவளிடம் பிற சமயவாதிகள் தம் நூற்பொருளை உரைக்க மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் உரைத்து, வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைக் கொடுக்கிறது. அவ்வாறே வஞ்சி நகரில் அவள் ஒரு மாதவனின் வடிவம் கொண்டே சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளை வணங்கி, வேற்றுருவில் சென்று கேட்ட கொள்கைகள் தன் மனத்துக்கு ஒவ்வவில்லை என்று எடுத்துக் கூறி, மெய்ப்பொருளை அருளுமாறு வேண்டுகிறாள். அறவண அடிகள் முன் அவளுக்கு ஆண்வேடம் தேவைப்படவில்லை. பெண்ணாகவே வந்து கேட்கலாம், பெண்ணாகவே கற்கலாம், பெண்ணாகவே அறம் நடத்தலாம். புத்த தம்மத்தின் சபைக்கு அடையாளம் இதுவன்றோ?

இன்று நாட்டில் நடப்பதைப் பாருங்கள். 1992-ம் ஆண்டில் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத்திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களையும் தலைமைப் பதவிகளையும் பெண்களுக்கு ஒதுக்கிற்று. பின்னர்ப் பல மாநிலங்கள் அதனைப் பாதியாக உயர்த்தின. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் திருத்தம் 2023-ல் நிறைவேறிற்று. சட்டம் வாயிலைத் திறந்திருக்கிறது. ஆயினும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கோப்பில் கருத்துரைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவளுடைய பெயர் மட்டும் வேண்டும், அவள் வேண்டாம். தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சியில், தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் வகுப்புப் பெண்ணை மன்றக் கூட்டத்தில் தரையில் அமரவைத்த செய்தி 2020-ம் ஆண்டில் வெளிவந்து நாட்டையே தலைகுனிய வைத்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமைக்கு உயர்ந்த ஆசனம் இட்ட அரசி எங்கே. மக்கள் வாக்களித்து அமர்த்திய தலைவியைத் தரையில் இருத்தியவர்கள் எங்கே!

அந்தச் செய்தியைப் படித்து நாம் கொதித்தோம். கொதித்தது நியாயமே. ஆனால் அதே கண்ணால் நம் சபையில் பெண்கள் அமரும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

பாபாசாகிப் காட்டிய அளவுகோல்

1942-ம் ஆண்டு சூலை 20-ம் நாள் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்பு மகளிர் மாநாடு நடைபெற்றது. சுலோசனாபாய் டோங்கரே தலைமை வகித்தார். பல்லாயிரம் பெண்கள் திரண்ட அம்மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக பாபாசாகிப் கூறினார். மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவுரிமையும் நாடிய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது, 1951-ல் அவர் மந்திரி பதவியைத் துறந்ததற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று. அதே நாகபுரியில்தான் 1956 அக்டோபர் 14-ல் அவர் தீட்சை பெற்றார். இலட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் அவருடன் ஒரே உறுதிமொழிகளை ஏற்றனர். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அங்கே உறுதிமொழி இருக்கவில்லை.

நம் மக்களிடையே தலைமை தாங்கிய பெண்கள் இல்லாமலும் இல்லை. இரங்கூனில் பிறந்து சென்னையில் பணியாற்றிய மீனாம்பாள் சிவராஜ் 1940-களில் பட்டியல் வகுப்பார் கூட்டமைப்பின் மகளிர் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கினார். கொச்சியில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே பட்டியல் வகுப்புப் பெண் உறுப்பினராக விளங்கினார். இவர்கள் பெயரை நம் பெண் குழந்தைகளுக்கு நாம் சொல்லித் தந்திருக்கிறோமா?

அணைந்த விளக்கு

பெண்களின் தலைமை ஒருமுறை தோன்றிவிட்டால் தானாகவே நிலைத்துவிடும் என்று எண்ணுவது பிழை. அசோகரின் மகள் சங்கமித்தா தேரி போதி மரக்கிளையுடன் இலங்கை சென்று அங்கே பிக்குணி சங்கத்தை நிறுவினார். அந்நாட்டுப் பிக்குணிகள் ஐந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து சீனத்துக்குச் சென்று, 300-க்கு மேற்பட்ட சீனப் பெண்கள் உபசம்பதை பெற உதவினர். பதினொன்றாம் நூற்றாண்டில் சோழர் படையெடுப்பை ஒட்டி இலங்கையில் சங்கம் சிதைந்தது. சில பத்தாண்டுகளில் விசயபாகு மன்னன் பர்மிய நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பிக்கு சங்கத்தை நிலைநிறுத்தினான். பிக்குணி சங்கத்தை யாரும் மீட்கவில்லை. 1996-ல் சாரநாத்திலும் 1998-ல் புத்தகயையிலும் இலங்கைப் பெண்கள் மீண்டும் உபசம்பதை பெறும்வரை ஏறக்குறைய 900 ஆண்டுகள் அவ்விளக்கு அணைந்தே கிடந்தது. இன்றும் அதனை ஏற்காத பிக்குகள் உண்டு.

இவ்வரலாறு நமக்குச் சொல்லுவது யாது? ஆண்களின் வரிசை அறுந்தபோது அதைக் கட்ட அரசன் இருந்தான்; பெண்களின் வரிசை அறுந்தபோது கேட்பார் இல்லை. எனினும் சீனத்துக்குக் கொண்டுசென்று ஏற்றிய விளக்கு அங்கே அணையாதிருந்தது. புத்தகயையில் அவ்வழியில் வந்த பிக்குணிகளும் துணைநின்றனர். ஆகையால் தலைமை ஏற்ற ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் பின் இன்னொருத்தியைப் பழக்க வேண்டும்; ஒவ்வொரு சபையும் அதற்கு வழிசெய்ய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

வீட்டில் தொடங்குவோம். மகளைப் பார்த்துக் கோசல மன்னன் பசேநதி முகம் வாடியபோது, பெண்மகவு ஆணினும் சிறந்ததாகலாம் என்று பகவன் தேற்றினார். பெண் குழந்தையின் படிப்புக்குச் செலவிடும் பணத்தை இழப்பாக எண்ணாதீர்கள். மேற்படிப்பையும் பதவித் தேர்வையும் எண்ணும் மகளுக்குத் தேர்வுக் கட்டணமும் வழிச்செலவும் புத்தகமும் தருவது தானங்களுள் நல்ல தானம். திருமணம் பேசும்போது, “பெண் வேலையை விடுவாளா?” என்று கேட்கும் வீட்டைவிட, “அவள் வேலைக்கு நாங்கள் என்ன உதவி செய்ய வேண்டும்?” என்று கேட்கும் வீட்டைத் தேடுங்கள்.

வேலையின் பாரத்தைப் பகிருங்கள். தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் எழுந்து இரயிலேறி பெங்களூர் சென்று இரவில் திரும்பும் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் எழுந்து சமைத்துவிட்டுப் புறப்பட்டு, வந்து மீண்டும் சமைக்கிறார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பதவி உயர்வுக்குப் படிக்க எப்பொழுது நேரம்? சபைக் கூட்டத்துக்கு வர எப்பொழுது நேரம்? “பெண்கள் முன்வருவதில்லை” என்று குறைசொல்லும் ஆண்மகன், அவள் கையிலிருக்கும் கரண்டியை வாரத்தில் சில நாளாவது தன் கையில் வாங்கிக்கொள்ளட்டும். அதுவே அவன் இடும் ஆசனம்.

சபையில், மகளிர் அணி என்று ஒன்றை ஏற்படுத்தி அன்னதானத்தை மட்டும் ஒப்படைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ண வேண்டாம். குறிப்பேடும் கணக்குப் புத்தகமும் வங்கியில் கையொப்பமிடும் உரிமையும் பெண்களிடமும் வரட்டும். பௌர்ணமி அறவுரையை முறைவைத்து உபாசகிகளும் நிகழ்த்தட்டும். திருமண உறுதிமொழியையும் நினைவுநாள் வழிபாட்டையும் நடத்த அவர்களும் பழகட்டும். கூட்டத்தை இருட்டியபின் வைக்காமல், பெண்கள் வந்துபோகத்தக்க நேரத்தில் வைப்போம். கைக்குழந்தையுடன் வருபவளுக்காகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துவோம். பொறுப்பேற்ற பெண் ஒரு கணக்கில் தவறினால், “பெண்ணிடம் கொடுத்தால் இப்படித்தான்” என்று சொல்லாதிருப்போம். ஆண் தவறினால் அவன் பெயரைச் சொல்லுகிறோம். பெண் தவறினால் பெண்குலத்தையே சொல்லுகிறோம். இது பொய்யுரை, நான்காம் சீலத்துக்கு மாறானது.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. “எனக்கு இன்னும் போதிய அறிவில்லை, எல்லாம் கற்றபின் வருகிறேன்” என்று பின்வாங்காதீர்கள். குஜ்ஜுத்தரா எல்லாம் கற்றபின் ஆசனம் ஏறவில்லை. அன்று கேட்டதை அன்று சொன்னாள், மறுநாள் மீண்டும் கேட்கச் சென்றாள். கூன் முதுகைப் பற்றியோ பழைய குற்றத்தைப் பற்றியோ ஊர் என்ன சொல்லுமோ என்று அவள் அஞ்சியிருந்தால், இதிவுத்தகம் நமக்குக் கிடைத்திராது. உங்களுள் ஒருத்தி முன்வரும்போது மற்றவர்கள் பொறாமை கொள்ளாமல் சாமாவதியைப்போல் கீழே அமர்ந்து கேளுங்கள். இன்று கீழே அமர்ந்து கேட்பவள் நாளை மேலே அமர்ந்து சொல்லுவாள். உங்களுக்குரிய ஆசனத்தை யாரும் இடாவிட்டால், கௌதமி அன்னையைப்போல் வாயிலில் வந்து நின்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனந்தரைப்போல் எழுந்து பேசுவது எங்கள் கடமை.

ஆகவே அன்பர்களே, அடுத்த பௌர்ணமிக்கு முன் நம் ஒவ்வொரு சபையிலும் ஒரு காரியம் நடக்கட்டும். அறிவும் உழைப்பும் உடைய உபாசகி ஒருவரைக் கண்டு, கோப்பும் கணக்கும் திறவுகோலும் உள்ள ஒரு பொறுப்பை அவர் கையில் ஒப்படைப்போம். அவர் பேசும்போது நாம் அமர்ந்து கேட்போம். அவ்வளவேனும் செய்துவிட்டு, அதன்பின் கௌதமி அன்னையின் பெயரையும் சங்கமித்தாவின் பெயரையும் சொல்லிப் பெருமை கொள்வோம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! தம்மம் ஓங்குக!

சாது! சாது! சாது!